கிட் கேட்ட இரண்டு தாள்கள்

1701 மே 8, 9 தேதிகளில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நின்ற கேப்டன் வில்லியம் கிட், இரண்டு தாள்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்தியக் கடலில் தாம் பிடித்த இரண்டு கப்பல்களிலும் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்தது. பிரான்சோடு போர் நடந்த காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க இங்கிலாந்து அரசரே தமக்கு ஆணை கொடுத்திருந்தார். ஆகவே தாம் கொள்ளையர் அல்லர் என்பது அவர் வாதம். சீட்டுகளைப் பாஸ்டனில் ஆளுநர் பெல்லமான்ட் பிரபுவிடம் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார். நீதிமன்றத்தில் யாரும் அவற்றை எடுத்து வைக்கவில்லை. மே 23 அன்று தேம்ஸ் நதிக்கரையில், வாப்பிங்கில் அவரைத் தூக்கிலிட்டார்கள். முதல் முறை கயிறு அறுந்தது. கீழே விழுந்தவரை மறுபடியும் ஏற்றினார்கள்.

சுமார் 210 ஆண்டுகள் கழித்து ரால்ப் பெயின் என்ற அமெரிக்க எழுத்தாளர் லண்டன் பொது ஆவணக் காப்பகத்தில் அந்தச் சீட்டுகளைக் கண்டெடுத்தார். 1911-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவற்றைப் பற்றி எழுதினார். யாரும் எரிக்கவில்லை, கிழிக்கவில்லை. அமெரிக்கக் காலனிகளிலிருந்து வந்த கடிதக் கட்டுகளுக்கு நடுவே அவை அத்தனை காலமும் கிடந்தன.

கிட் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்று, அவர் குற்றவாளியா, பிரபுக்களின் அரசியலுக்குப் பலியானவரா என்று விவாதிப்பார்கள். நான் அந்தக் கட்டுகளைத் தேடிப் போனதற்குக் காரணம் வேறு. 17ஆம் நூற்றாண்டுக் கடலில் ஒரு கப்பல் இன்னொரு கப்பலை எப்படிப் பிடித்தது? திரைப்படங்களில் பார்ப்பதுபோல் பீரங்கி முழங்கி, கயிறு பிடித்துத் தாவி, கத்தியோடு பாய்ந்தா? அதை ஒரே ஒரு சம்பவத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை, எழுத்து ஆதாரத்தோடு பார்க்க ஆசைப்பட்டேன். கொள்ளையர்கள் பெரும்பாலும் எழுத்தை விட்டுச் செல்பவர்கள் அல்லர். கிட்டின் கதை விதிவிலக்கு. அவரைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் காகிதம் குவிந்திருக்கிறது: அவரை விரட்டிய கப்பல் தலைவரின் கைப்பிரதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கார்வார் கிடங்குக் கடிதங்கள், பாஸ்டனில் அவரே கொடுத்த வாக்குமூலம், அவரைக் காட்டிக்கொடுத்த மாலுமிகளின் சாட்சியம், பிடிபட்ட கப்பல்களின் சீட்டுகள். இப்போது கடலுக்கு அடியிலிருந்து மரப்பலகைகளும் வந்து சேர்ந்துகொண்டன. இந்தக் காகிதங்கள் லண்டனில் கியூவில் உள்ள ஆவணக் காப்பகம், பிரிட்டிஷ் நூலகம், கிரீனிச் அருங்காட்சியகம் என்று மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அவை பேசும்.

முதலில் கப்பல். கிட் 1695-இல் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்தபோது பெல்லமான்ட் பிரபுவின் கூட்டு கிடைத்தது. பெல்லமான்ட்டின் பின்னால் அரசின் உச்சத்தில் இருந்த நான்கு பிரபுக்கள் பணம் போட்டார்கள். கடற்படைத் தலைவர் ஆர்ஃபர்டு, நீதித்துறையின் உயர் இடத்தில் இருந்த சாமர்ஸ் இருவரும் அதில் அடக்கம். செங்கடல், மடகாஸ்கர் பக்கம் திரியும் கொள்ளையர்களைப் பிடித்து அவர்களிடம் இருப்பதைப் பங்கு போட்டுக்கொள்வது திட்டம். அதற்காக டெப்ட்ஃபர்டில் கடலில் இறக்கிய கப்பலின் பெயர் அட்வென்ச்சர் காலி. 287 டன், 34 பீரங்கி. இத்தோடு நின்றிருந்தால் அது அந்தக் காலத்தின் எத்தனையோ போர்க்கப்பல்களில் ஒன்று. ஆனால் அதற்கு 46 துடுப்புகளும் இருந்தன.

மூன்று பாய்மரங்கள் கொண்ட, பெருங்கடல் கடக்கும் கப்பலுக்குத் துடுப்பு எதற்கு? ஆங்கிலக் கடற்படை 1676-இல் கட்டிய சார்லஸ் காலி, ஜேம்ஸ் காலி ஆகியவற்றில் இதற்கு முன்மாதிரி உண்டு. மத்தியதரைக் கடலில் வட ஆப்பிரிக்கக் கொள்ளையர்களைத் துரத்தக் கட்டியவை அவை. காற்று செத்துப்போன நேரத்தில் பாய்க்கப்பல் பொம்மைபோல் நிற்கும். அப்போது மெதுவாகவேனும் நகரக்கூடியவன்தான் எங்கே நிற்பது, எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குவது என்று முடிவு செய்கிறான். கொள்ளையரைப் பிடிக்க உதவும் அதே வசதி கொள்ளையடிக்கவும் உதவும் என்பதை முதலீடு செய்த பிரபுக்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. கப்பலின் அளவுகளைப் படிக்கும் எவருக்கும் அது கண்ணில் படும்.

இன்னொரு அளவு ஆட்கள். 1696 செப்டம்பரில் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டபோது கப்பலில் சுமார் 150 பேர் இருந்தார்கள். இதே அளவுள்ள சரக்குக் கப்பலை ஓட்ட அதில் ஒரு சிறு பகுதி போதும். மிச்சப் பேர் எதிர்க் கப்பலின் தளத்தில் ஏறி நிற்பதற்கான ஆட்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எதையாவது பிடித்தால் பங்கு, பிடிக்காவிட்டால் வெறுங்கை. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்து வரும் காகிதங்களைப் படிக்க வேண்டும். பசித்த 150 பேர் ஒரு கப்பலில் ஓராண்டு கொள்ளை ஏதும் இல்லாமல் சுற்றினார்கள். கொமொரோ தீவுகளில் நோய் வந்து அவர்களில் பலர் செத்தும் போனார்கள்.

1697 ஆகஸ்டில் அட்வென்ச்சர் காலி செங்கடலின் வாயிலான பாப் எல் மந்தெப்பில், பெரிம் தீவை ஒட்டி நின்றது. மோக்கா துறைமுகத்திலிருந்து சூரத்துக்குத் திரும்பும் கப்பல் கூட்டத்துக்காகக் காத்திருந்தது. ஹஜ் முடித்த பயணிகளும் ஆண்டு வியாபாரத்தின் பொன்னும் வெள்ளியும் அதில் வரும். இரண்டே ஆண்டுக்கு முன், 1695-இல், இதே கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த ஔரங்கசீப்பின் கன்ஜ்-இ-சவாய் கப்பலை ஹென்றி எவ்ரி என்ற கொள்ளையர் பிடித்திருந்தார். அந்தக் கப்பலில் ஒரு பீரங்கி வெடித்துச் சிதறித் தன் ஆட்களையே கொன்றது பற்றி முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியிருக்கிறார். அந்தக் கொள்ளையின் விளைவாக சூரத்தில் இருந்த ஆங்கிலேயர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தக் கூட்டத்துக்குக் காவல் கப்பல் அனுப்ப வேண்டியதாயிற்று. 1697-இல் காவலுக்கு வந்த ஆங்கிலக் கப்பல் செப்டர். அதன் தலைவர் வழியில் இறந்துபோனதால் பொறுப்பேற்றிருந்தவர் எட்வர்டு பார்லோ.

இந்த பார்லோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை. சிறுவனாகக் கடலுக்குப் போனவர். டச்சுக்காரர்களிடம் சிறைப்பட்டிருந்தபோது தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கி, பல பத்தாண்டுகள் விடாமல் எழுதினார். போன துறைமுகங்களையும் ஏறிய கப்பல்களையும் வண்ணப் படங்களாக வரைந்தார். அந்தக் கைப்பிரதி கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சாதாரண மாலுமியின் கண்ணால் அந்தக் காலக் கடலை இவ்வளவு நீளமாகக் காட்டும் எழுத்து வேறு எதையும் நான் படித்ததில்லை. கிட்டின் தாக்குதலைத் தாக்கப்பட்ட பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவரும் அவரே.

ஆகஸ்ட் 15 விடியலில், கூட்டத்துக்கு நடுவே தெரியாத கப்பல் ஒன்று வந்து நிற்பதை பார்லோ காண்கிறார். அதில் நாட்டுக் கொடி எதுவும் இல்லை. சிவப்புத் துணி ஒன்று மட்டும் பறக்கிறது; எதிர்த்தால் இரக்கம் கிடையாது என்று அதற்குப் பொருள். பார்லோ தன் கொடியை ஏற்றாமல் பொறுமையாக இருக்கிறார். செப்டரும் இன்னொரு சரக்குக் கப்பல்தான் என்று நினைத்து அது நெருங்கட்டும் என்று விடுகிறார். நெருங்கியதும் கம்பெனிக் கொடியை ஏற்றிப் பீரங்கியைச் சுடுகிறார். காற்று மிகக் குறைவு. செப்டர் அசையவில்லை. படகுகளை இறக்கி, கயிறு கட்டி, தன் கப்பலை இழுத்துக்கொண்டு கிட்டை நோக்கிப் போகிறார். கிட் ஒரு முஸ்லிம் வணிகக் கப்பலின் மேல் சில குண்டுகள் சுட்டுவிட்டுத் துடுப்புப் போட்டு விலகிவிடுகிறார். பின்னரும் நெருங்கிப் பார்க்கிறார், மறுபடியும் விரட்டப்படுகிறார்.

இந்தப் பக்கங்களில் நான் கவனித்தது இரண்டு. பார்லோவின் கப்பலும் கிட்டின் கப்பலும் கையாண்ட முதல் ஆயுதம் கொடி. இருவருமே தாங்கள் யார் என்பதை மறைத்துத்தான் நெருங்கினார்கள். அடுத்தது, அந்த 46 துடுப்புகள் இங்கே வேட்டைக்குப் பயன்படவில்லை, தப்பிக்கத்தான் பயன்பட்டன. எதிர்த்துச் சுடும் கப்பல் ஒன்று இருந்தாலே போதும், கொள்ளையர் விலகிவிடுவார். பங்குக்காக வந்தவன் தன் காலையும் கையையும் இழக்க விரும்புவதில்லை. தன் கப்பலின் பாய்மரம் உடைந்தால் பழுதுபார்க்க அவனுக்குத் துறைமுகமும் கிடையாது.

அடுத்த சில வாரங்கள் மலபார்க் கரையில் கழிந்தன. பார்க்கர் என்ற ஆங்கிலேயர் ஓட்டிவந்த சிறு கப்பல் ஒன்றைப் பிடித்து, அதில் இருந்தவர்களைக் கட்டித் தொங்கவிட்டு, வாளின் தட்டைப் பக்கத்தால் அடித்துப் பணம் எங்கே என்று கேட்டதாகச் சாட்சியம் இருக்கிறது. கிடைத்தது கொஞ்சம் மிளகும் காப்பியும். அதைவிட முக்கியமாக, கிட் இரண்டு மனிதர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்: கரை தெரிந்த பார்க்கரும், மொழி தெரிந்த ஒரு போர்த்துகீசியரும். தெரியாத கடலில் வேட்டையாடுகிறவனுக்கு வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் சரக்கைவிடப் பெரிய கொள்ளை.

பிறகு கார்வார். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள கம்பெனிக் கடிதங்களில் இந்த நாட்கள் பதிவாகியிருக்கின்றன. கப்பலிலிருந்து ஓடிவந்த மாலுமிகள் சொன்னதையும், கப்பலுக்கே போய்ப் பார்த்துவந்த கம்பெனி ஆட்கள் கண்டதையும் சேர்த்து எழுதிய கடிதங்கள். கிட் திடகாத்திரமான ஆள், அற்பக் காரணத்துக்கும் தன் ஆட்களோடு மோதுகிறார், துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி மிரட்டுகிறார், ஆட்கள் அவருக்குப் பயந்தும் அவரைவிட்டு விலகத் துடித்தும் கிடக்கிறார்கள் என்று அவை சொல்கின்றன. கோவாவிலிருந்து இரண்டு போர்த்துகீசியக் கப்பல்கள் துரத்தி வந்தன. கிட் திரும்பி நின்று சிறிய கப்பலோடு மோதினார். அவர் தரப்பில் சுமார் 10 பேருக்குக் காயம். அந்தப் பயணம் முழுவதிலும் உண்மையான பீரங்கிச் சண்டை என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். இதில் ஒரு மூட்டைச் சரக்குகூடக் கிடைக்கவில்லை. அக்டோபர் இறுதியில், கண்ணில் பட்ட ஓர் ஆங்கிலக் கப்பலை விட்டுவிட்டதற்காகக் கிட்டுக்கும் பீரங்கிக்காரர் வில்லியம் மூருக்கும் சண்டை மூண்டது. இரும்புப் பட்டை போட்ட மரவாளியால் மூரின் தலையில் அடித்தார் கிட். மூர் மறுநாள் இறந்தார். ஓல்டு பெய்லியில் முதலில் விசாரித்தது இந்தக் கொலையைத்தான்.

நவம்பர் 27 அன்று கிட்டின் முதல் சீட்டு வருகிறது. சூரத்திலிருந்து வந்த சுமார் 200 டன் கப்பல். டச்சுக்காரர் ஒருவர் அதன் தலைவர். கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றித் துரத்தினார். எதிர்க் கப்பலை பிரெஞ்சு மொழியிலேயே கூப்பிட்டார்கள். கிட்டின் ஆட்களில் லெ ராய் என்ற பிரெஞ்சுக்காரர் இருந்தார். அவரைக் கப்பலின் தலைவராக நடிக்க வைத்தார்கள். டச்சுக்காரர் படகில் வந்து, தங்களைப் பிடித்தது பிரெஞ்சுக் கப்பல் என்று நம்பி, தன்னிடம் இருந்த பிரெஞ்சுச் சீட்டை நீட்டினார். அதை நீட்டிய கணத்திலேயே கப்பல் கிட்டுக்குச் சொந்தமாகிவிட்டது.

சாட்சியத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் என் கேள்விக்கு விடை தெரியத் தொடங்கியது. அந்தக் காலத்து வணிகக் கப்பல்கள் ஒரே ஒரு சீட்டோடு கடலில் இறங்குவதில்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் கார்ட்டாஸ் என்ற சீட்டை இந்தியக் கடலில் கட்டாயமாக்கினார்கள். அது இல்லாத கப்பலைப் பிடித்தார்கள், எரித்தார்கள். பிறகு டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வந்து தத்தம் சீட்டை விற்கத் தொடங்கினார்கள். புத்தியுள்ள வணிகர் பல கம்பெனிகளிடமும் சீட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார். எதிரே வரும் கொடிக்கு ஏற்ற சீட்டை எடுத்துக் காட்டுவது வழக்கம். அது குற்றமல்ல, உயிர் பிழைக்கும் வழி. கிட் அந்த வழியிலேயே வலை விரித்தார். பிரெஞ்சுக் கொடியைக் காட்டினால் பிரெஞ்சுச் சீட்டுத்தான் வெளியே வரும். பிறகு அதே சீட்டு, பிடித்தது சட்டப்படிதான் என்பதற்கு ஆதாரமாகிவிடும். காப்பாற்றுவதற்காகக் காசு கொடுத்து வாங்கிய தாள் அந்தக் கப்பலைக் காட்டிக்கொடுத்தது.

1698 ஜனவரி 30 அன்று கொச்சிக் கரைக்கு அப்பால் அதே நாடகம் பெரிய அளவில் நடந்தது. வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த கெடா மெர்ச்சன்ட். மஸ்லின், பட்டு, காலிக்கோ துணி மூட்டைகள், சர்க்கரை, அபின், இரும்பு, வெடியுப்பு எல்லாம் நிறைந்த கப்பல். அடிப்பகுதி ஒழுகத் தொடங்கியிருந்த அட்வென்ச்சர் காலியைவிட அது பெரியது. கிட் பிரெஞ்சுக் கொடியோடு அதை எட்டிப் பிடித்து, தலைவரை வரச் சொன்னார். மருத்துவர் பிராடின்ஹம், மாலுமி ஜோசப் பாமர் என்ற இருவர் மன்னிப்புக்காக அரசுத் தரப்புச் சாட்சி ஆனவர்கள். அவர்கள் சொன்னதில் இருந்து இந்தக் காட்சி துலங்குகிறது. படகில் வயதான பிரெஞ்சுக்காரர் ஒருவர் வந்தார். பிரெஞ்சுக் கப்பலுக்குப் பிரெஞ்சுக்காரரை அனுப்பினால் நல்லது என்று அங்கேயும் யோசித்திருக்கிறார்கள். சற்று நேரம் கழித்துத்தான், தாம் தலைவர் அல்லர், பீரங்கிக்காரர் என்று அவர் ஒப்புக்கொண்டார். உண்மையான தலைவர் ஜான் ரைட் என்ற ஆங்கிலேயர். முன்பு சூரத்தில் மதுக்கடை நடத்தியவர். அவரையும் வரவழைத்தார்கள். அதன்பின் கிட் ஆங்கிலக் கொடியை ஏற்றினார்.

கப்பலில் இருந்த ஆர்மீனிய வணிகர்கள் அழுதார்கள். 20,000 ரூபாய் தருகிறோம், கப்பலை விடுங்கள் என்றார்கள். அது மிகச் சிறிய தொகை என்று சொல்லிக் கிட் மறுத்துவிட்டார். சரக்கில் ஒரு பகுதியைக் காயங்குளம் பக்கம் இறக்கி விற்று, பணத்தை ஆட்களுக்குப் பங்கு பிரித்தார்கள். ஓர் ஆங்கிலேயர் ஓட்டிய கப்பலைப் பிடித்த செய்தி இங்கிலாந்தில் பெரும் சத்தத்தைக் கிளப்பும் என்று கிட் பிறகு கவலைப்பட்டதாகச் சாட்சியம் சொல்கிறது. ஆட்கள் கப்பலைத் திருப்பிக் கொடுக்க இசையவில்லை. அந்தக் கவலை நியாயமானதுதான்: சூரத்தில் முகலாய அதிகாரிகள் கொதித்தார்கள், கடலைக் காவல் காக்கும் சுமை மீண்டும் ஐரோப்பியக் கம்பெனிகளின் தலையில் விழுந்தது.

இந்தக் கப்பல் பிடிபட்ட விவரத்தை எத்தனை காகிதத்தில் படித்தாலும் தளத்தில் கத்திச் சண்டை நடந்த செய்தி எதிலும் இல்லை. கொடி, வேகம், ஆள் எண்ணிக்கை, ஒரு நடிகர், ஒரு தாள். இவ்வளவுதான் தாக்குதல். வன்முறை இல்லை என்று சொல்ல மாட்டேன். 34 பீரங்கிகளின் வாய் திறந்து நிற்கும்போது சுட வேண்டிய அவசியமே வருவதில்லை. கட்டி அடித்ததும் கதறி அழுததும் கப்பல் பிடிபட்ட பிறகு நடந்தவை.

இனி அந்த இரண்டாவது சீட்டு. நீதிமன்றப் பதிவில் கெடா மெர்ச்சன்ட் என்று வரும் கப்பல், சீட்டில் காரா மெர்ச்சன்ட். ஒரே கப்பல்தான் என்பதைப் பயணத்தின் இரு முனைகளும், அதில் குறித்திருக்கும் ஆட்களின் பெயர்களும் உறுதி செய்கின்றன. தேதி 1698 ஜனவரி. கொச்சிக்கு அப்பால் கப்பல் பிடிபட்டதற்குச் சில வாரங்களே முந்தியது. பிரெஞ்சு நாள்காட்டியைவிட ஆங்கில நாள்காட்டி அப்போது 10 நாள் பின்தங்கியிருந்ததால், இரண்டையும் ஒப்பிடும்போது அந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ள வேண்டும். சீட்டை வழங்கியவர் வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுக் கம்பெனித் தலைவர் பிரான்சுவா மார்த்தேன். புதுச்சேரியை 1674 முதல் கட்டி எழுப்பிய அதே மார்த்தேன்தான். 1693-இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பறித்துக்கொண்டதால் ஊரை இழந்து, அது 1699-இல் திரும்பக் கிடைக்கும்வரை வேறு இடத்திலிருந்து கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லியம் கிட்டின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே நிற்க வேண்டிய தாளில் புதுச்சேரிக்காரர் ஒருவரின் பெயரைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆனால் அந்தத் தாளில் என்னைக் கட்டிப்போட்டவை மற்ற பெயர்கள். ஓல்டு பெய்லியின் குற்றப்பத்திரிகை, கப்பலில் இருந்தவர்களைப் பெயர் தெரியாத ஆட்கள் என்று சொல்லிக் கடந்துவிடுகிறது. பிரெஞ்சுச் சீட்டோ ஆட்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: கப்பலின் நகுதாக்களாக, அதாவது பயணத்தின் வணிகப் பொறுப்பாளர்களாக, ஆர்மீனியர் இருவர், சூரத்தில் அதைச் சரக்குக்காக வாடகைக்கு எடுத்த ஆர்மீனிய வணிகர் அகாபிரிஸ் கலந்தர், அவருக்கு வாடகைக்கு விட்ட பார்சி உரிமையாளர். சரக்கில் பங்கு வைத்திருந்தவர்களில் முகலாய அரசவையைச் சேர்ந்த முக்லிஸ் கானும் உண்டு என்று பிற ஆவணங்கள் காட்டுகின்றன. ஆக, சூரத்துப் பார்சியின் கப்பல், ஆர்மீனியரின் வணிகம், முகலாயப் பிரபுவின் சரக்கு, ஆங்கிலத் தலைவர், டச்சு உதவியாளர்கள், பிரெஞ்சுப் பீரங்கிக்காரர், பிரெஞ்சுச் சீட்டு. இதை எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்வது? பிரெஞ்சுச் சீட்டு இருந்ததால் பிரெஞ்சுக் கப்பல் என்ற கிட்டின் வாதம் சரியல்ல என்றே நான் நினைக்கிறேன். சீட்டு காசு கொடுத்து வாங்கும் பாதுகாப்பு. உடைமைப் பத்திரம் அல்ல. ஏமாற்றி வெளியே எடுக்க வைத்த சீட்டுக்கு இன்னும் மதிப்புக் குறைவு. ஆனாலும் உயிர் போகும் வழக்கில் ஒருவர் கேட்ட ஆவணத்தை அவர் கையில் கொடுக்காமல் தீர்ப்பு எழுதியது அநீதி. இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

சீட்டுகள் எப்படித் தொலைந்தன என்பதையும் காகிதமே காட்டிக்கொடுக்கிறது. 1699 ஜூலையில் பாஸ்டனில் கிட்டைக் கைது செய்த பெல்லமான்ட், தமக்கு வந்துசேர்ந்த தாள்களை லண்டனில் காலனி விவகாரங்களைக் கவனித்தவர்களுக்கு அனுப்பினார். 1701-இல் நாடாளுமன்றத்தின் மக்கள் அவை, பிரபுக்களின் பங்கை விசாரிக்க அவற்றை வரவழைத்துப் பார்த்தது. அவை இருந்தன என்பது அரசுக்குத் தெரியும். விசாரணை முடிந்து அவை தாம் வந்த கட்டுக்கே திரும்பின. நீதிமன்றம் இருந்த இடத்துக்கு வரவில்லை.

கிட்டின் இரண்டு கப்பல்களுக்கும் நேர்ந்த கதி இந்தத் தேடலில் நான் எதிர்பாராத கிளை. டெப்ட்ஃபர்டில் புதிதாகக் கட்டிய அட்வென்ச்சர் காலி இரண்டு ஆண்டுக்குள் அழுகிப்போனது. வெப்பக் கடலின் மரப்புழு அடிப்பலகையைத் துளைத்துவிட்டது. கிட் பாஸ்டனில் கொடுத்த வாக்குமூலத்தில், இரண்டு நாழிகைக் கண்ணாடிக்கு ஒருமுறை எட்டுப் பேர் மாறி மாறித் தண்ணீர் இறைத்ததாகவும், பலகைகள் பிரிந்துவிடாமல் இருக்கக் கப்பலைச் சுற்றி வடம் போட்டுக் கட்டியதாகவும் சொல்கிறார். 1698 ஏப்ரலில் மடகாஸ்கருக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் மேரி தீவுக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. அங்கே நின்றிருந்தவர் ராபர்ட் கல்லிஃபோர்டு என்ற கொள்ளையர். கிட்டின் ஆட்களில் பெரும்பகுதியினர் அவரோடு போய்விட்டார்கள். அட்வென்ச்சர் காலியை அங்கேயே கைவிட்டார்கள். 2015-இல் அந்தத் தீவுக் கடலில் சுமார் 50 கிலோ எடையுள்ள வெள்ளிப் பாளம் கிடைத்துவிட்டது, அட்வென்ச்சர் காலியே கிடைத்துவிட்டது என்று உலகம் முழுவதும் செய்தி வந்தது. யுனெஸ்கோ அனுப்பிய வல்லுநர்கள் சோதித்தார்கள்: பாளத்தில் 95 விழுக்காடு ஈயம், கிடந்த இடம் பழைய துறைமுகக் கட்டுமானத்தின் இடிபாடு.

பிடிபட்ட கப்பலின் கதை நேர்மாறு. கெடா மெர்ச்சன்டிலேயே ஏறி, அதற்கு அட்வென்ச்சர் பிரைஸ் என்று பெயர் மாற்றி, கிட் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அட்லாண்டிக்கைக் கடந்தார். 1699 ஏப்ரலில் கரிபியனில் தாம் கொள்ளையராக அறிவிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. இப்போது டொமினிகன் குடியரசு இருக்கும் தீவின் ஓர் ஆற்றுக்குள் கப்பலைக் கொண்டுபோய்க் கரை மரங்களில் கட்டிவிட்டு, ஹென்றி போல்டன் என்ற வணிகரிடம் ஒப்படைத்தார். சிறு கப்பல் ஒன்றை வாங்கிக்கொண்டு வடக்கே போய் மாட்டிக்கொண்டார். காவலுக்கு இருந்தவர்கள் சரக்கை எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

2007-இல் அந்தக் கரையை ஒட்டிய காத்தலினா தீவின் அருகே, முக்குளித்தே எட்டக்கூடிய ஆழத்தில், பீரங்கிக் குவியல் ஒன்று தெரியவந்தது. இண்டியானா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பீக்கரும் அவர் குழுவும் ஆய்வு செய்தார்கள். 26 பீரங்கிகள். அவற்றில் பல, சுடும் நிலையில் இல்லாமல், தலைமாற்றித் தலை அடுக்கி வைத்த நிலையில் இருந்தன. கப்பலில் ஏற்றிய பீரங்கிகள் தவிர அடித்தளத்தில் அடுக்கி வைத்த பீரங்கிகளும் உண்டு என்று 1699-இல் பாஸ்டனில் பதிவான வாக்குமூலம் சொல்கிறது. அந்த வரியும் இந்தக் குவியலும் பொருந்துகின்றன. ஆனால் பீரங்கி எந்தக் கப்பலிலும் இருக்கலாம். பீரங்கிகளுக்கு அடியில் எரியாமல் தப்பிய பலகைகள்தான் வழக்கை முடித்தன. மரம் தேக்கு. ஒரு பலகையின் விளிம்பை வெட்டி அடுத்த பலகையின் வெட்டில் இறுக்கமாகப் பொருத்தும் முறையில் இணைத்திருக்கிறார்கள். இது மேற்கு இந்தியக் கப்பல் தச்சர்களின் முறை. ஐரோப்பியக் கப்பல்களில் பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இடுக்கில் நாரும் கீலும் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். கடலில் அது உதிர உதிர மறுபடி அடிக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று கவ்விய பலகைக்கு அந்தக் கவலை குறைவு.

ஆங்கிலேயர்கள் வேட்டைக்கென்றே கட்டிய கப்பல் இரண்டு ஆண்டில் வடம் கட்டி நகர வேண்டிய நிலைக்கு வந்தது. சரக்குச் சுமக்கக் கட்டிய இந்தியக் கப்பல் இரண்டு பெருங்கடல் நீரைப் பார்த்து, 300 ஆண்டு கழித்தும் தன் தச்சரின் கைவேலையைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. கொள்ளையர்கள் சரக்கை மட்டுமா குறிவைத்தார்கள்? தங்கள் கப்பல் அழுகும் கடலில் அழுகாத கப்பல் அவர்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை கிட்டின் வாக்குமூலமும் அந்தப் பலகைகளும் சேர்ந்து சொல்கின்றன. கொள்ளையர் கப்பல்களைப் பற்றி எழுதும்போது அவற்றில் பெரும்பாலானவை பிடித்த கப்பல்களே என்பதை நாம் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு மனு. மக்கள் அவையின் 1701ஆம் ஆண்டுப் பதிவுகளில் கோஜி பாபா என்பவரின் பெயர் வருகிறது. இஸ்பஹானின் புறநகரான ஜுல்ஃபாவைச் சேர்ந்த ஆர்மீனியர்; பாரசீக அரசரின் குடிமகன். கெடா மெர்ச்சன்டில் சரக்கு இழந்த ஆர்மீனியர்கள் சார்பில் லண்டன்வரை வந்து மனுக் கொடுத்தார். கிட்டின் வழக்கில் எல்லாரும் பிரபுக்களைப் பற்றியும் அரசியல் கட்சிகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது, பொருள் பறிகொடுத்தவர்களின் குரலாக அங்கே நின்ற மனிதர் இவர். கிட்டிடமிருந்து அரசு பறிமுதல் செய்து விற்ற பொருள்களின் தொகை சுமார் 6,470 பவுண்டு. அரசி ஆன் அதைக் கிரீனிச்சில் ஆங்கில மாலுமிகளுக்காகக் கட்டிய மருத்துவமனைக்குக் கொடுத்தார். கோஜி பாபாவின் மனுவுக்கு மறுபக்கம் சூரத்தில் இருந்திருக்க வேண்டும்: ஆர்மீனியர்களின் கணக்குகள், பார்சி உரிமையாளரின் பத்திரங்கள், காஜியின் முன் வைத்த முறையீடுகள். அடுத்து நான் படிக்க விரும்புவது அந்தப் பக்கத்து எழுத்தைத்தான். பாரசீகமும் குஜராத்தியும் ஆர்மீனியமும் தெரிந்தவர்களோடு சேர்ந்துதான் அதைச் செய்ய முடியும்.